கம்பத்துக்கு நான் கொடுத்த குரல்

போன வாரம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் என் நாற்காலிக்கு வந்த பெண். கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள்.

"மேடம், ஆண்டு மலர் போடறோம். உங்க சர்வீஸ் அனுபவத்த ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்க. முக்கியமா அந்த அம்மாவ நீங்க பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களே, அந்த விஷயம். அது கண்டிப்பா வேணும்னு சார் சொல்லிட்டார்" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "உங்க பழைய ரெக்கார்டிங்க வெச்சு கம்ப்யூட்டருக்கு உங்க குரலச் சொல்லிக் குடுத்திருக்காங்க மேடம். இன்னும் ஒரு நாள் வந்து கொஞ்சம் படிச்சுக் குடுத்தீங்கன்னா முழுசா கத்துக்குமாம். அப்புறம் நீங்க சொல்லாததையும் உங்க குரல்லயே சொல்லும். கேமரால முகத்தப் பாத்து, வியாபாரி கார்டுல இருக்கற பேரச் சொல்லி ஒவ்வொருத்தரையா கூப்பிடும். ஐடியாவே உங்களாலதான் வந்துச்சுன்னு சார் சொல்றார்!"

"ம்" என்று சொல்லி போனை வைத்தேன்.

கட்டுரை கேட்டாய் ரேவதி, இதோ தருகிறேன். குரலைத் தர மாட்டேன். ஏன் என்று படித்துத் தெரிந்துகொள். இதை மலரில் போடுவார்களா என்பது சந்தேகம்தான். போடாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. எந்த அலுவலகம், எந்த ஊர் என்று வெளியாட்கள் யாரும் குடையாதீர்கள். தாம்பரத்தைச் சுற்றி எத்தனையோ உள்ளாட்சி அலுவலகங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று. பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் டைப்பிங், தபால் பதிவு, வரி வசூல் என்று எல்லா மேஜையிலும் உட்காரவைத்தார்கள். எதிலும் நான் பெரிதாகச் சோபிக்கவில்லை. கடைசியில் புகார் பிரிவுக்குத் தள்ளினார்கள். அங்கே யாரும் விரும்பிப் போக மாட்டார்கள். காலையிலிருந்து மாலைவரை போனில் திட்டு வாங்குகிற உத்தியோகம் அது. ஆனால் எனக்கு அது ஒத்துப்போயிற்று. சபையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேதபாடம் வாசிக்கிறவள் நான். "எஸ்தர் வாசித்தால் பின்வரிசையில் தூங்குகிறவனுக்கும் கேட்கும்" என்று போதகர் சொல்வார். அந்தக் குரலை வைத்துத்தான் பிழைத்தேன்.

போனில் புகார் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் திட்டி முடிக்க விட வேண்டும், குறுக்கே பேசக்கூடாது. பிறகு முகவரி. அதிலும் கதவு எண்ணோடு நிறுத்திவிடக்கூடாது. எங்கள் ஆட்கள் கதவு எண்ணைத் தேடிப் போக மாட்டார்கள். எந்த டீக்கடைக்கு எதிரே, எந்தப் பம்புக்குப் பக்கத்தில் என்று சொன்னால்தான் போவார்கள். எப்போது வருவார்கள் என்று கேட்டால் நாள் சொல்லக்கூடாது. சொன்ன நாளில் போகவில்லையென்றால் அடுத்த திட்டு நமக்குத்தான். எழுதி முடித்த பிறகுதான் "எழுதிட்டேன்" என்று சொல்ல வேண்டும். கடைசியாக நானே சேர்த்துக்கொண்ட பழக்கம் ஒன்று. போனை வைக்கும் முன் பேசியவரின் பெயரைச் சொல்வேன். "சரி முருகேசன், எழுதிட்டேன்." "சரி லட்சுமிம்மா, எழுதிட்டேன்." அவ்வளவு நேரம் கத்தியவர்கள்கூடப் பெயரைக் கேட்டதும் தணிந்துவிடுவார்கள். அரசாங்கத்துக்குத் தன்னைத் தெரிந்திருக்கிறது என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நான் நம்பினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிப்பு என்று சும்மா சொல்கிறேன்.

அப்படிப் பேசியவர்களில் ஒருத்திதான் கஸ்தூரி. கீரை விற்கிறவள். ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை. பல வருடங்கள் பேசியிருக்கிறோம், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. "வணக்கங்கா, கஸ்தூரி பேசறேன். ஏரிக்கரை, பம்பாண்ட" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பாள். பம்பாண்ட என்றால் பம்புக்குப் பக்கத்தில். "இன்னாக்கா, தண்ணி லாரியே காணோம், பேஜாரா கீது. குடத்த வெச்சிகினு குந்திகினு கீறோம்." நான் எழுதுவேன். லாரி போகும், அல்லது போகாது.

ஒருநாள் வழக்கம்போல "கஸ்தூரி பேசறேன்" என்றாள். பேனாவை எடுத்தேன். "ஒண்ணியும் எழுதாதக்கா. தண்ணி வந்துச்சு. அத்தச் சொல்லத்தான் போன் போட்டேன்" என்றாள். அத்தனை வருட சர்வீஸில் வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல போன் செய்த ஒரே ஆள் அவள்தான். வீட்டுக்குப் போய் என் கணவரிடம் இரண்டு தடவை சொன்னேன். "உனக்கு அவார்டே குடுத்த மாதிரி பேசறியே" என்று கிண்டல் செய்தார்.

அப்புறம் எங்கள் ஊருக்கு யோகம் அடித்தது. ஸ்மார்ட் ஆக்குகிறார்கள் என்றார்கள். ஏரியும் நாரையும் போட்ட ஒரு சின்னம் வந்தது. "நம்ம ஊர், அழகு ஊர்" என்று ஒரு வாசகம் வந்தது. டீ கப்பிலிருந்து குப்பை வண்டி வரைக்கும் அதை ஒட்டினார்கள். பெரிய தெருக்களில் வரிசையாகக் கம்பங்கள் நட்டார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் விளக்கு, கேமரா, காற்றின் தரம் காட்டுகிற சின்னத் திரை, ஒரு ஸ்பீக்கர், இடுப்பைச் சுற்றி நீல வெளிச்சம். இருட்டினால் ஜோடித்த கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். புதிதாக வீடு வாங்க வருகிறவர்களை பில்டர்கள் முதலில் அங்கேதான் அழைத்துவந்து காட்டினார்கள்.

இதற்கெல்லாம் பொறுப்பாக வந்தவர் சபேசன் சார். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பார்த்த அதிகாரிகளிலேயே குரலை உயர்த்தாத ஒரே மனிதர். கடைநிலை ஊழியரையும் "வாங்க, போங்க" என்பார். எதையாவது கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மூடியே இருப்பார். நாம் தப்பாக எதையோ சொல்லிவிட்டோமோ என்று நமக்கு வியர்க்கும். பிறகு கண்ணைத் திறந்து, "நாம இதை இப்படிப் பாக்கலாமா?" என்பார். எல்லாமே "நாம"தான். முதலில் புகார் என்ற சொல்லை எடுத்தார். "புகார்னு சொன்னாலே ஊருக்குக் கெட்ட பேர். பகிர்வுன்னு வெக்கலாம்" என்றார். போனில் புகார் வாங்குவதை நிறுத்திவிட்டு செல்போன் செயலி ஒன்றைக் கொண்டுவந்தார். கஸ்தூரி மாதிரி ஆட்களுக்கு அந்தச் செயலி எங்கே தெரியும்? புகார்கள் சரசரவென்று குறைந்தன. அதைப் பெரிய திரையில் பச்சைக் கோடாகப் போட்டுக் காட்டினார். எங்கள் பிரிவு காலியாயிற்று. கம்பத்துக் கேமராக்களின் படம் வருகிற கட்டுப்பாட்டு அறையில் என்னை ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள்.

கம்பங்களுக்குக் குரல் தேடிக்கொண்டிருந்தார் சார். விளம்பரக் கம்பெனி அனுப்பிய குரல்களை வரிசையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் நகைக்கடை மாதிரி இருக்கு" என்று தள்ளிவிட்டார். ஒருநாள், செயலி தெரியாமல் பழைய எண்ணுக்கே கூப்பிட்ட ஒரு பெரியவரிடம் நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் சார், கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். "மேடம், நம்ம ஊரோட குரல் இங்கயே இருக்கு. நாமதான் வெளிய தேடிட்டிருக்கோம்" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதை மறைக்கப் போவதில்லை. ஒலிப்பதிவுக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். ஸ்பீக்கரில் புடவை தெரியுமா? கட்டிக்கொண்டுதான் போனேன். நான் மேடையில் பேசுகிற மாதிரி செந்தமிழில் ஆரம்பித்தேன். சார் கையைக் காட்டி நிறுத்தினார். "வேணாம் மேடம். போன்ல பேசுவீங்களே, அப்படியே பேசுங்க. எதிர்ல ஒரே ஒருத்தர்தான் இருக்கார்னு நெனச்சுக்கோங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. சிரிப்பு காதுல கேக்கும்."

அப்படியே சொன்னேன். "வணக்கம், சொல்றேன் கேளுங்க. நீங்க வெச்சிருக்கிற சாமான் நடைபாதையில இருக்கு. கொஞ்சம் எடுத்துட்டீங்கன்னா எல்லாரும் நடக்க வசதியா இருக்கும். நம்ம ஊர், அழகு ஊர்." எடுத்துட்டீங்கன்னா என்ற இடத்தில் சிரிப்பு சரியாக வரவில்லை என்று அதை மட்டும் பலமுறை சொல்லவைத்தார். கடைசியில் வந்தது. சார் கண்ணைத் திறந்தார்.

கேமரா நடைபாதையில் சாமானைப் பார்த்தால் கம்பம் தானாகப் பேசும். எடுக்காவிட்டால் மறுபடி பேசும். அதற்கும் எடுக்காவிட்டால் வண்டி வந்து சாமானை அள்ளிக்கொண்டு போகும். மனிதர் யாரும் குறுக்கே வர வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து பார்த்தவர்கள், "லத்தி இல்ல, அதட்டல் இல்ல, அன்பா பேசுது!" என்று மாய்ந்துபோனார்கள். பத்திரிகையில் எல்லாம் வந்தது. எனக்கு ஆரம்பத்தில் பெருமை பிடிபடவில்லை. ஆராதனையில் நான் பாடம் வாசித்து முடித்ததும் பின்னாலிருந்து எந்த வாண்டோ "நம்ம ஊர், அழகு ஊர்" என்றது. சபையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சந்தைத் தெருக் கம்பத்துக்கு அடியில் ஒருநாள் காய் வாங்கப் போனேன். கோணி விரித்து ஒரு பெண் கீரை வைத்திருந்தாள். கம்பம் என் குரலில் வணக்கம் சொல்லி, சாமானை எடுக்கச் சொன்னது. அந்தப் பெண் எழுந்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"வணக்கங்கா, கஸ்தூரி பேசறேன்" என்றாள். "ஏரிக்கரை, பம்பாண்ட. ஞாபகம் கீதா? கொஞ்சம்தான்கா கட்டு கீது. வித்துட்டு எந்திரிச்சிடறேன்."

கம்பம் மறுபடியும் வணக்கம் சொன்னது, அதே சிரிப்போடு.

"இன்னாக்கா, சொன்னதயே சொல்லிகினு கீற? முன்னல்லாம் எம்மாம் பொறுமையா கேப்ப!" என்றாள் கஸ்தூரி. குரல் கம்மிப்போயிருந்தது. பக்கத்தில் வாழைப்பழம் விற்கிறவர், "அது மிஷினு கஸ்தூரி" என்றார். "போய்யா. எனுக்குத் தெரியாதா அது கொரலு? போன் அக்கா அது. கேமராவுல பாத்துகினுதான் பேசுது. பெரிய ஆபிசராயிட்ச்சு, பதில் சொல்ல மாட்டேங்குது" என்று அவர்மேல் பாய்ந்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பல வருடங்களாக அந்தக் குரலிடம் அவள் எதைச் சொன்னாலும் பதில் வந்திருக்கிறது. அதே குரல், அதே பேச்சு, அதே "சொல்றேன் கேளுங்க." பதிவு என்று எப்படி நினைப்பாள்?

அந்த இடத்திலேயே நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். திரும்பிப் போகலாம் என்றால் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். "வாக்கா, இன்னா வேணும்?" என்றாள். நான் முளைக்கீரையைக் காட்டினேன். "எத்தினி?" விரலைக் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் இளகியது. "பேச வராதாக்கா?" என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன். கர்த்தரே! வேதபாடம் வாசிக்கிற வாயை வைத்துக்கொண்டு ஊமை என்று தலையாட்டினேன். அவள் கொத்தமல்லியில் ஒரு கை அள்ளி என் பையில் போட்டாள். காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டாள்.

வீட்டில் சொன்னதும் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கீரக்காரிகிட்ட ஊமை வேஷம் போட்டியா? உனக்கென்ன பைத்தியமா?" என்றார். அந்தக் கொத்தமல்லியை ரசத்தில் போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போய், விரலைக் காட்டிக் கீரை வாங்கிக்கொண்டு வருவேன். பேசாத ஆளிடம் எல்லோரும் மனம்விட்டுப் பேசுவார்கள் போலிருக்கிறது. கம்பத்தைக் காட்டி, "அந்த அக்கா நல்ல அக்காதான். இன்னா கோவமோ என்மேல" என்பாள். வண்டி வந்து கீரையை அள்ளிக்கொண்டு போன கதையையும் சொன்னாள். "அதுதான் அனுப்பிச்சிது. கொஞ்சம் முன்னாடி பேசிச்சு, வண்டி வந்துச்சு" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சபேசன் சாரிடம் போனேன். "சார், ஆரம்பத்துல 'இது பதிவு செய்யப்பட்ட அறிவிப்பு'ன்னு ஒரு வரி சேத்துடலாமா? சிலபேர் ஆள் பேசறதா நெனச்சுக்கறாங்க" என்றேன்.

சார் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை.

"அதுதானே மேடம் நமக்கு வேணும்?" என்றார் மெதுவாக. "எல்லா ஊர்லயும் கம்பம் இருக்கு. நம்ம கம்பம்தான் உயிரோட இருக்குன்னு சொல்றாங்க. பதிவுன்னு சொல்லிட்டா அது வெறும் ஸ்பீக்கர். நாம எதுக்கு நம்ம பேரை நாமே கெடுத்துக்கணும்?" பிறகு எனக்குக் காபி வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு குழு வந்தது. எந்த ஊரை மற்ற ஊர்களுக்கு மாதிரியாகக் காட்டலாம் என்று பார்க்கிறவர்கள். தெருவெல்லாம் சுண்ணாம்புக்கோடு, பூந்தொட்டி. கட்டுப்பாட்டு அறையில் மல்லிகைப்பூ வாசனையும் புதுக் கம்பள வாசனையும் கலந்து தலைவலித்தது. சுவர் முழுக்கத் திரை. சார் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வந்து, "இப்ப நம்ம ஊரோட குரலை நேர்லயே அறிமுகப்படுத்தறேன்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கையில் மைக்கைக் கொடுத்தார். "பதிவு இல்லாம, நேரடியாவும் நாம பேச முடியும். சந்தைத் தெருவப் போடுங்க."

அந்தத் தெருவை ஏன் சொன்னார் என்பதில் சூழ்ச்சி ஒன்றுமில்லை. அங்கே எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். திரையில் கஸ்தூரி வந்தாள், சுவர் உயரத்துக்கு. கோணிமேல் கீரைக் கட்டுகள், பக்கத்தில் தண்ணீர் தெளிக்கிற பிளாஸ்டிக் குவளை. கம்பம் அப்போதுதான் பேசி முடித்திருக்க வேண்டும், அவள் அண்ணாந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது. உதடு அசைகிறது, கை ஏரிப்பக்கம் காட்டுகிறது. என்ன சொல்கிறாள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

"யார்கிட்ட பேசறாங்க?" என்று வந்தவர்களில் ஒருவர் சிரித்தார்.

"கம்பத்தோட பேசற அளவுக்கு மக்களுக்கு நெருக்கம் சார்" என்றார் சபேசன் சார். எல்லோரும் சிரித்தார்கள். "சொல்லுங்க மேடம்."

பொத்தானை அழுத்தினேன். அந்த வரியைச் சொல்ல நாக்கு எழவில்லை. இத்தனை நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு பதில்தானே? இப்போது மைக் என் கையில்தானே இருக்கிறது? நான்தான் என்று தெரிந்தால் போதும், மனம் ஆறிவிடுவாள் என்று நினைத்தேன். போனில் செய்வதைத்தான் செய்தேன். பெயரைச் சொன்னேன்.

"கஸ்தூரி" என்றேன். "சரி கஸ்தூரி. நான்தான்மா."

திரையில் அவள் வாய் அப்படியே நின்றது. கை மார்புக்குப் போயிற்று. கம்பத்தைப் பார்த்தாள், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குனிந்து கோணியின் நாலு மூலையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். கீரைக் கட்டுகள் வழியெல்லாம் விழுந்தன. அவள் திரும்பி எடுக்கவில்லை. அந்தக் குவளை மட்டும் கம்பத்தடியில் கிடந்தது.

அறையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

"பேர் எப்படித் தெரியும்?" என்று ஒருவர் வியந்து கேட்டார். சார் கண் இமைக்காமல், "நம்ம சிஸ்டத்துல எல்லாமே இருக்கு சார்" என்றார். என்னைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார். இல்லை, அது சிஸ்டம் இல்லை, அவள் என்னை நம்பித் தானே சொன்ன பெயர் என்று நான் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றேன். எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். போட்டோவில் சிரித்திருக்கிறேன்.

மறுநாள் சந்தைத் தெருவுக்குப் போனேன். கம்பத்தடியில் நாரைச் சின்னம் போட்ட பூந்தொட்டி ஒன்று வந்திருந்தது. வாழைப்பழக்காரரிடம் கேட்க எனக்கு வாய் இல்லையே, அங்கே நான் ஊமையாயிற்றே. தொட்டியைக் காட்டி, கையை விரித்தேன்.

"கஸ்தூரியா?" என்றார். "கம்பம் அது பேரச் சொல்லிச்சும்மா! நான் என் காதால கேட்டேன். அது பயந்துகினு வூட்டையே காலி பண்ணிகினு பூட்ச்சு. பேரு தெரிஞ்சா வூடும் தெரியும் இல்ல? புறம்போக்குல கீது. 'எத்தினி வாட்டி அந்த அக்காவாண்ட அட்ரஸ் சொல்லிகிறேன், பம்பாண்ட பம்பாண்டன்னு. நானே காட்டிக் குடுத்துகினேனே'ன்னு தலைல அடிச்சிகினு அழுதுச்சு."

நடுத்தெருவில் நின்றுகொண்டு எனக்குக் கூசிப்போயிற்று. எந்த டீக்கடை, எந்தப் பம்பு என்று கேட்டுக் கேட்டு வாங்கியது நான். அவள் வீட்டுக்குத் தண்ணீர் போவதற்காகக் கேட்டேன். அவள் குடிசையைக் கடைசிவரை யாரும் இடிக்கவில்லை. இடிப்பார்கள் என்று அவளை நினைக்கவைத்தது என் குரல்தான். அதற்குச் சில மாதங்களில் ஓய்வு பெற்றேன். கேடயம் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடக்கிறது. வெளியே கடைகண்ணிக்குப் போனால் முடிந்தவரை வாயைத் திறக்காமல் வருகிறேன். ஆராதனையில் பாடம் வாசிப்பதையும் நிறுத்திவிட்டேன். தொண்டை சரியில்லை என்று போதகரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்தான்.

ரேவதி, நீ போன் செய்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இனிமேல் கம்பம் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும், என் குரலில். அவள் எங்கே போனாலும் அங்கே ஒருநாள் கம்பம் வரும். அதற்குள் நானே அவளிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பல்லாவரத்தில் அவளுக்கு அக்கா வீடு உண்டு என்று ஒருமுறை ஊமையிடம் சொல்லியிருந்தாள். அங்கே கூடுகிற வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பழைய சாமான், செடி, மீன்தொட்டி, கோழிக்குஞ்சு என்று அந்த நெரிசலில் சுற்றிச் சுற்றிக் கால் ஓய்ந்துபோயிற்று. வெயில் ஏறிய பிறகு ஒரு ஓரத்தில் அவளைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். அதே மாதிரி கோணி.

"எக்கா!" என்று அவளே முந்திக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "என்ன தேடிகினா வந்தே? இம்மாம் தூரம்! குந்துக்கா, குந்து." கோணியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். கம்பம் பெயர் சொன்ன கதையை எனக்கே சொன்னாள். "உனுக்குப் பேச்சு வரலன்னு வருத்தப்படாதக்கா. பேச்சு வர்றவங்க பண்றதப் பாத்தியா?" என்றாள். பிறகு குனிந்து எனக்காகக் கொத்தமல்லியைப் பொறுக்கி வாழைநாரில் கட்ட ஆரம்பித்தாள்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"கஸ்தூரி" என்றேன். "நான்தான்மா."

அவள் கை நின்றது. நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தாள். கடையின் கூரை, கரண்ட் கம்பம், எதிர்க் கட்டடத்தின் மாடி என்று கண் ஓடிஓடித் தேடியது. முகத்தில் ரத்தமே இல்லை. அதற்குள் அவள் விரல்கள் கோணியின் மூலையைப் பிடித்துவிட்டன.

"எக்கா" என்று என் கையை இறுக்கினாள். "இங்கயும் வெச்சுட்டாங்களா? உனுக்கும் கேட்டுச்சா?"

நான் தலையாட்டினேன். கீரை சிந்திவிடாமல் கோணியின் மறுமூலையை நான் பிடித்துக் கொடுத்தேன்.